முதலில் எழுதி வை

பொன்முடி மலையில் மாலை நேரம். பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. லயத்தின் கடைசி அறையில் விளக்கு எரிகிறது. அங்கே கற்போர் வட்டம் கூடியிருக்கிறது.

அன்று எல்லோர் பார்வையும் ஒரு தகரப் பெட்டியின் மேல் இருந்தது. அதைக் கொண்டு வந்தவர் தோட்டத் தொழிலாளி ஒருவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று அழைப்பார்கள்.

காட்டுப்பன்றிகள் இரவில் வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிவிடும். தகரத்தைத் தட்டி ஓசை எழுப்பினால் இரண்டு நாள் பயப்படும். மூன்றாம் நாள் அந்த ஓசை பழகிவிடும். அண்ணாச்சி இதைப் பற்றிப் பல நாள் யோசித்தார். பழைய சைக்கிள் பாகங்களைக் கொண்டு ஒரு கருவி செய்தார். காற்று மாறும்போது அதன் ஓசையும் மாறும். ஒரே ஓசை திரும்பத் திரும்ப வராது. வீட்டின் பின்புறம் வைத்துப் பார்த்தார். பன்றிகள் வரவில்லை.

"நெடுமங்காட்டில் இருந்து ஒரு கடைக்காரர் வந்தார், டீச்சர். பெட்டியை இரண்டு நாள் கேட்கிறார். திறந்து பார்த்துவிட்டுத் தருவாராம். 500 ரூபாயும் தருவாராம். நாளைக் காலையில் வருகிறார். கொடுக்கலாமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"சும்மா கிடந்த தகரத்துக்கு 500 ரூபாய் வருகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் அவர் மனைவி.

அண்ணாச்சி பெட்டியைத் திறக்கப் போனார். டீச்சர் தடுத்தார்.

"திறக்க வேண்டாம், அண்ணாச்சி. உள்ளே இருப்பது உங்கள் யோசனை. இன்று நாம் படிக்கப் போகும் பாடமும் அதைப் பற்றியதுதான். முதலில் பாடத்தைப் படிப்போம். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்.

எல்லோரும் புத்தகத்தைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதியாகப் படித்தார்கள்.

காப்புரிமை என்றால் என்ன?

ஒருவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். அல்லது ஒரு பொருளைச் செய்யப் புதிய வழியைக் கண்டுபிடிக்கிறார். அதை அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். அரசு சோதித்துப் பார்க்கிறது. சரி என்றால் அவருக்கு ஓர் உரிமை கொடுக்கிறது. அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது. இதுதான் காப்புரிமை. பேட்டன்ட் என்றும் சொல்வார்கள்.

இந்தியாவில் இந்த உரிமை 20 ஆண்டுகள் இருக்கும். விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்து கணக்கு. இடையில் உரிய கட்டணத்தைக் கட்டி வர வேண்டும். 20 ஆண்டுகள் முடிந்த பிறகு அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

குரலைக் கம்பியில் அனுப்பியவர்

சிறு பிள்ளைகள் இரண்டு தீப்பெட்டிகளை நூலால் கட்டி விளையாடுவார்கள். ஒருவர் பேசுவார். மற்றவர் காதில் வைத்துக் கேட்பார். நாம் பேசும்போது தீப்பெட்டி அதிர்கிறது. அந்த அதிர்வு நூல் வழியாகப் போகிறது. ஆனால் நூல் அதிக தூரம் வேலை செய்யாது.

அதிர்வை மின்சாரமாக மாற்றி அனுப்பினால் என்ன? இப்படி யோசித்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

பெல் 1847-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். அவருடைய தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. தந்தை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர். பெல்லும் ஆசிரியர் ஆனார். அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்குக் கற்பித்தார். ஓசை எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்தார். வாட்சன் என்ற தொழிலாளி அவருக்குத் துணையாகக் கருவிகள் செய்து கொடுத்தார். பெல் தம் சோதனைகளை ஏட்டில் எழுதி வைத்தார்.

1876 பிப்ரவரி 14. பெல்லின் வக்கீல் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். அதே நாளில் எலிஷா கிரே என்பவரின் வக்கீலும் அங்கே வந்தார். அவரும் குரலைக் கம்பியில் அனுப்பும் யோசனையைத்தான் கொண்டு வந்திருந்தார்!

மார்ச் 7-ஆம் நாள் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 174465. மார்ச் 10-ஆம் நாள் பெல் கருவியில் பேசினார். அடுத்த அறையில் இருந்த வாட்சனுக்கு வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. உலகம் முழுவதும் பரவிய தொலைபேசி இப்படித் தொடங்கியது.

10 டாலர் இல்லாதவர்

பெல்லுக்கு முன்பே இன்னொருவர் இந்த வேலையில் இறங்கியிருந்தார். அவர் பெயர் அன்டோனியோ மெயுச்சி. இத்தாலி நாட்டில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். குரலை அனுப்பும் கருவிகளைத் தம் வீட்டிலேயே செய்து பார்த்தார்.

1871-ஆம் ஆண்டு அவர் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு முன்னறிவிப்பு கொடுத்தார். அது முழு விண்ணப்பம் அல்ல. "இப்படி ஒன்றைச் செய்து வருகிறேன்" என்று தெரிவிக்கும் தாள். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க 10 டாலர் கட்ட வேண்டும். மெயுச்சி வறுமையில் இருந்தார். 1874-க்குப் பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை. முன்னறிவிப்பு காலாவதி ஆனது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெல் காப்புரிமை பெற்றார்.

மெயுச்சி 1889-ஆம் ஆண்டு இறந்தார். 2002-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை அவர் உழைப்பைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. ஆனால் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

தண்ணீருக்கு மேலே ஓடிய படகு

பெல் தொலைபேசியோடு நின்றுவிடவில்லை. வயதான காலத்தில் படகின் பக்கம் திரும்பினார்.

இடுப்பளவு தண்ணீரில் நடந்து பாருங்கள். கால் கனமாக இருக்கும். தண்ணீர் நம்மைப் பிடித்து இழுக்கும். படகையும் தண்ணீர் அப்படித்தான் இழுக்கிறது. படகின் உடல் தண்ணீருக்கு மேலே எழும்பினால் இழுப்பு குறையும். வேகம் கூடும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. படகின் அடியில் சிறகு போன்ற தகடுகளைப் பொருத்த வேண்டும். படகு வேகமாக ஓடும்போது தண்ணீர் அந்தத் தகடுகளை மேலே தள்ளும். படகு எழும்பும். தகடுகள் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்.

இந்த யோசனை பெல்லுக்கு மட்டும் வந்தது அல்ல. இத்தாலி நாட்டின் ஃபோர்லானினி என்பவர் முன்பே இத்தகைய படகு செய்திருந்தார். 1911-ஆம் ஆண்டு பெல் அந்தப் படகில் ஏறிப் பார்த்தார். பிறகு பால்ட்வின் என்ற பொறியாளரோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். ஏணிப் படிகள் போல அடுக்கடுக்காகத் தகடுகளை அமைத்தார்கள்.

1919 செப்டம்பர் 9. கனடா நாட்டில் ஓர் ஏரி. அவர்கள் செய்த படகு மணிக்குச் சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அன்று உலகில் வேறு எந்தப் படகும் அந்த வேகத்தில் ஓடியது இல்லை. அப்போது பெல்லுக்கு வயது 72.

1922-ஆம் ஆண்டு இந்தப் படகு முறைக்குப் பெல்லும் பால்ட்வினும் காப்புரிமை பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெல் இறந்தார். தொலைபேசிக் காப்புரிமை ஒரு பெரிய தொழிலையே உருவாக்கியது. படகுக் காப்புரிமை அப்படிப் பணம் தரவில்லை. காப்புரிமை உரிமையைத் தரும். பொருள் விற்கும் என்று உறுதி தராது. ஆனால் பின்னாளில் பல நாடுகளில் பயணிகள் படகுகள் இம்முறையில் ஓடின.

பாடம் முடிந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"அந்த 10 டாலர்தான் மனதில் நிற்கிறது" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

பிறகு அவரே கேட்டார்: "டீச்சர், நம் முன்னோர் அறிந்த பச்சிலை மருந்துக்கும் காப்புரிமை வாங்கலாமா?"

"பழைய அறிவுக்கு நம் சட்டத்தில் காப்புரிமை இல்லை, மதினி. அது புதுக் கண்டுபிடிப்பு அல்லவே. ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் பங்கு கொடுக்க வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு அகத்தியர் மலைக் காட்டுக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள். வழிகாட்டிய காணி மக்கள் களைப்பு தெரியாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்றார்கள். அதில் இருந்து பாலோடு தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள். மருந்து செய்யும் முறையை 1995-ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வந்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ஆம் ஆண்டு காணி மக்களின் அறக்கட்டளை பதிவானது."

"அப்படியானால் என் பெட்டிக்குக் காப்புரிமை கிடைக்குமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று கேள்விகள் கேட்பார்கள். இது உலகில் எங்கும் இல்லாத புதிய பொருளா? அந்தத் தொழில் தெரிந்தவர் எளிதில் யோசிக்க முடியாததா? இதைத் தயாரித்துப் பயன்படுத்த முடியுமா? மூன்றுக்கும் விடை 'ஆம்' என்று இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால், புதியது என்ற தகுதி போய்விடலாம். அதனால்தான் திறக்க வேண்டாம் என்றேன்."

"விண்ணப்பம் எங்கே கொடுப்பது?"

"கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சென்னையில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வழியாகவும் கொடுக்கலாம். பெரிய நிறுவனங்களைவிடத் தனி ஆளுக்குக் கட்டணம் குறைவு. வேலை முழுவதும் முடியவில்லை என்றால் முதலில் தற்காலிக விவரம் கொடுக்கலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். குஜராத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. பெரிய படிப்பு இல்லாமல் புதியன செய்கிற சாதாரண மக்களுக்கு அது உதவுகிறது. முதலில் அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்."

அண்ணாச்சி பெட்டியை மீண்டும் சாக்கில் கட்டினார். நோட்டை எடுத்தார். கருவியின் படத்தை வரைந்தார். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதினார். காற்று வந்தால் எது சுற்றும், எது தட்டும் என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கைநாட்டு வைப்பவர்.

மறுநாள் காலை கடைக்காரர் வந்தார். 500 ரூபாயை நீட்டினார். அண்ணாச்சி தம் மனைவியைப் பார்த்தார்.

"பெட்டி இப்போது கிடையாது, அண்ணே" என்றார் அவர் மனைவி. "ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரட்டும். பிறகு பேசலாம். டீ குடித்துவிட்டுப் போங்கள்."

சொல்லும் பொருளும்

காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை
காலாவதி – குறித்த காலம் முடிந்து செல்லாமல் போவது
அதிர்வு – நடுக்கம்
தற்காலிகம் – கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஆனது

விடை கூறுங்கள்

1. அண்ணாச்சியின் கருவி எதற்குப் பயன்படுகிறது?
2. மெயுச்சியின் முன்னறிவிப்பு ஏன் காலாவதி ஆனது?
3. பெல்லின் படகு எப்படித் தண்ணீருக்கு மேலே எழும்பியது?
4. காப்புரிமை பெற எந்த மூன்று தகுதிகள் வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

500 ரூபாயை வாங்காமல் விட்டது சரியா? உங்கள் கருத்து என்ன?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் யாராவது வேலையை எளிதாக்கும் கருவி செய்திருக்கிறாரா? அவருடைய அனுமதி பெற்று, அவர் செய்த விதத்தை அவருடைய நோட்டில் எழுதிக் கொடுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.