பங்குனிக் கருப்பட்டியும் பனை ஓலைப் பெட்டியும்



ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் கரையில் பங்குனியும் சித்திரையும் பண்டிகைகள் நெருக்கியடித்து வரும் மாதங்கள். 2025இல் மார்ச் 31 ரம்ஜான், ஏப்ரல் 6 ராமநவமி, 11 பங்குனி உத்திரம், 14 சித்திரை முதல் நாள், 20 ஈஸ்டர். மூன்றே வாரத்தில் ஐந்து விசேஷங்கள். மூன்று மதத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் ஊர்களில் ஒரு வீட்டு விசேஷம் என்றால் பத்து வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும். இதே நேரத்தில்தான் கையிருப்பும் சுருங்குகிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாய் மளிகைக்கே சரியாகிவிடும்.

ஆகவே இந்தக் கரையில் கொடுக்கும் பண்டம் காசு கையில் இருக்கும்போதே வீட்டில் செய்துவைக்கக் கூடியதாகவும், பத்து நாளாவது கெடாததாகவும் இருக்க வேண்டும். டவுன் கடையின் ஸ்வீட் பாக்ஸ் இரண்டுக்கும் உதவாது. அட்டைக்கும் ரிப்பனுக்கும் போகும் காசு தின்பவர் வாய்க்குப் போவதில்லை.

கடை இனிப்புக்கு மாற்று பனையில் இருக்கிறது. சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர் பக்கம் மாசி பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கும். புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஒரு கிலோவுக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். விறகும் ஒரு குடும்பத்தின் காலைப் பொழுதும் அதில் அடங்கும். சீனியை விடப் பல மடங்கு விலை கூடுவது இதனால்தான். விலை கூடும் பொருளில் கலப்படமும் கூடும். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை உடைத்தால் உடைந்த முகம் படிகம் போல் மினுங்கும். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கிக் கிடக்கும், வாயில் இட்டால் மெல்லக் கரையும். எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. எந்தக் கருப்பட்டியானாலும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கருப்பட்டிப் பலகாரங்களில் தலையாயது கீழக்கரைத் தொதல். இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இதே பெயரில், சிறு மாற்றங்களோடு கிண்டப்படுவது. அரைக் கிலோ பச்சரிசி மாவு, ஒரு கிலோ கருப்பட்டி, நான்கைந்து தேங்காய் என்பது வீட்டுக் கணக்கு. இரண்டாம் பாலில் மாவையும் கருப்பட்டிப் பாகையும் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனத்த சட்டியில் ஏற்றி, இறுக இறுகத் தலைப்பாலைச் சேர்த்துக் கிண்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கரண்டி ஓய்ந்தால் அடிபிடிக்கும், ஆகவே கிண்ட இரண்டு பேராவது வேண்டும். முதலில் கூழாகக் கொதித்துத் தெறிக்கும். பிறகு கறுத்து, கரண்டியோடு சேர்ந்து சுற்றும். கடைசியில் சட்டியின் ஓரத்தை விட்டுவிட்டு எண்ணெய் கக்கத் தொடங்கும். அதுவே பதம். அதற்கு முன் இறக்கிய தொதல் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். கக்கிய எண்ணெயை வழித்து வைத்தால் தாளிப்புக்கு ஆகும். பிழிந்த தேங்காய்ச் சக்கையை வறுத்துத் துவையலில் சேர்க்கலாம். முந்திரிக்குப் பதில் வறுத்த நிலக்கடலை போட்டால் குறைசொல்ல யாரும் இல்லை. தட்டில் கொட்டிய தொதலை மறுநாள்தான் துண்டு போட வேண்டும்.

தேங்காய் விலை ஏறியிருக்கும் ஆண்டில் பொருவிளங்காய் உருண்டை போதும். வறுத்த புழுங்கலரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை மூன்றையும் அரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, கொதிக்கும் கருப்பட்டிப் பாகில் சூடு ஆறுமுன் பிடிப்பது. பல்லுக்கு வேலை வைக்கும். ஆனால் ஒரு மாதம் தாங்கும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி ஆகும் என்ற பேச்சை நம்பி இவற்றை அவர்களுக்கு அனுப்பக் கூடாது, கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்கள் வீட்டுக்கு இந்த மாதங்களில் மரத்தடியில் உதிரும் வேப்பம்பூவைத் துணி விரித்துச் சேர்த்து, காயவைத்துக் கொடுக்கலாம். புத்தாண்டுப் பச்சடிக்கும் ஆண்டு முழுக்க ரசத்துக்கும் உதவும். செலவு ஒரு பைசா இல்லை.

பெட்டிக்கும் பனையே. பக்கத்துச் செட்டிநாட்டில் முடையும் கொட்டான் என்ற ஓலைப்பெட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.  கரையோரக் கிராமங்களின் பெட்டி அத்தனை நுணுக்கமானதல்ல, ஆனால் உழைக்கும். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்கு வார வேண்டும். முடையுமுன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடக்கும் இடத்தில் ஓலை முறியும். அடியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நான்கு மூலையிலும் மடக்கிச் சுவராக எழுப்பி, விளிம்பை உள்ளே சொருகினால் பெட்டி. மூடியைப் பெட்டியை விட ஒரு நூல் அகலமாகப் பின்ன வேண்டும். சரியளவாகப் பின்னிய மூடி ஒருபோதும் ஏறாது. சாயம் ஏற்றிய ஓலை வெளிப்பக்கத்துக்கு மட்டும். தொதலின் எண்ணெய் சாயத்தை இழுக்கும் என்பதால் உள்ளே வாட்டிய வாழையிலை விரிப்பது நல்லது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபின் ஓலைப்பெட்டிக்கு மீண்டும் கேட்பு உண்டாகியிருக்கிறது. முடையத் தெரிந்த கைக்கு விசேஷம் முடிந்த பிறகும் வேலை இருக்கும்.

பிள்ளைகளுக்கு வாரியதில் மிஞ்சிய ஓலைத் துண்டுகளே போதும். நான்கைந்து கற்களை உள்ளே வைத்துப் பின்னிய கிலுகிலுப்பையும், ஈர்க்கில் குத்திய காற்றாடியும் ஒரு மாலையில் பத்து செய்யலாம். கிறிஸ்தவ வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. அது வீட்டில் இருந்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகப் போவது.

வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கரையில் பொறுக்கிய பவளத் துண்டும் காய்ந்த கடல்குதிரையும் கொடுப்பது பழைய பழக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது குற்றம். சில சங்கு வகைகளுக்கும் அந்தத் தடை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. எது கூடும், எது கூடாது என்று பிரித்தறிய முடியாதவர் கடல் பொருளைப் பரிசுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது உத்தமம்.

உருண்டையை விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பும் தொதலை மூன்று நாள் முன்பும் முடிக்கலாம். பெட்டி வேலையை இரண்டுக்கும் முன்பே தொடங்க வேண்டும். கருப்பட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்குவமாகக் காய்ந்த குருத்தோலை அவசரத்துக்குக் கிடைக்காது.