வயலும் பாவடியும் மாறிவரும் சீதோஷ்ணமும்

சென்ற சில வருஷங்களாக நமது சங்கக் கூட்டங்களில் வரவு செலவைக் காட்டிலும் மழையைப் பற்றிய பேச்சே மிகுந்து வருகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இவை ஒவ்வொன்றுக்கும் சீதோஷ்ண மாறுதலே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவது பொருந்தாது. வறட்சியும் வெள்ளமும் முன்னரும் இருந்தவையே. ஆயினும் காற்றின் உஷ்ணம் 1 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக நியதி. அந்நீர் பெய்யுங்கால் ஒருங்கே கொட்ட ஏதுவாகிறது.

உஷ்ணம் ஏன் உயர்கிறது? நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுக்கிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌன லோவா மலையில் இவ்வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இதில் பெரும்பகுதி ஆலைகளும் அனல் மின்நிலையங்களும் செல்வ நாடுகளும் சேர்த்து வைத்ததாகும். கைத்தறி நெசவாளர் மீதோ சிறு குடியானவர் மீதோ இப்பழியைச் சுமத்துவது நியாயமன்று.

எனினும் நம் வயலிலிருந்து எழும் ஒரு வாயுவைப் பற்றி நாம் அறிதல் நலம். அது மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் உண்டாவதும் அதுவே. நெல் வயலில் நீர் இடைவிடாது தேங்கினால் மண்ணுள் காற்றுப் புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் தாள், வேர் முதலியவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே ஏறிக் காற்றில் கலக்கிறது. எடைக்கு எடை, நூறு வருஷக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும்.

இதற்குரிய பரிகாரம் நமக்குப் புதிதன்று. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நாம் வழங்குவதையே பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அளவறிந்து செய்யும் முறையாக வகுத்துள்ளது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மூங்கில் அல்லது பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதியைச் சுற்றித் துளையிட்டு, அப்பாதியை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் சேற்றை நீக்கிவிட வேண்டும். குழாயினுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் போதும். நடவுக்குப்பின் முதல் இரு வாரங்களிலும் பூக்கும் தருணத்திலும் வயலில் நீர் தேங்கி நிற்கச் செய்ய வேண்டும். மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகும். நீரும் கால் பங்கு வரை மிச்சப்படும். அடைமழைச் சம்பாவுக்கும் கடலோர உவர் நிலத்துக்கும் இம்முறை ஏற்றதன்று. குறுவைக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் உரியது.

பின் ஏன் நம்மில் பலர் இதைக் கைக்கொள்வதில்லை? அறியாமையால் அன்று. வயலைக் காயவிட்டபின் வாய்க்காலில் முறை தவறினால் பயிர் போய்விடுமே என்ற அச்சத்தாலேயே. கடைமடைக் குடியானவரின் இவ்வச்சம் முற்றிலும் நியாயமானது. நீர் வரும்போது தேக்கிக்கொள்வதே அவருக்குள்ள ஒரே காப்பு. மேல்மடையில் மிச்சமான நீர் கீழே வந்து சேரும் என்ற உறுதியின்றி அவரிடம் காய்ச்சலைப் போதிப்பது வீண். கட்டணமில்லா மின்சாரம் பெறும் பம்புசெட்டுக்காரருக்குச் சிக்கனத்தில் நாட்டம் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆதலின், ஒரே வாய்க்காலில் பாயும் அங்கத்தினர் அனைவரும் கூடி, முறை நாட்களை எழுதிக் கையொப்பமிட்டு நடத்த வேண்டிய காரியம் இது.

நெசவாளர் நிலை வேறு. கைத்தறிக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. குறைக்கத்தக்கது சாயம் காய்ச்சும் அடுப்பின் விறகு மட்டுமே. அவர்களுக்கு வேண்டியது காப்பு. பாவுக்குக் கஞ்சியிட்டு அதிகாலையில் பாவடியில் விரித்தபின் எதிர்பாராத மழை விழுந்தால், பாவும் கெடும், அன்றைய கூலியும் போகும். அடைமழையில் குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் மிதிக்கக் கால் வைக்க இயலாது தறி நாட்கணக்கில் நிற்கும். குழியின் விளிம்பைச் செங்கல்லால் உயர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் சிமெண்டு பூசலாம். பாவடியில் ஒரு பாவின் நீளத்துக்குக் கூரையிடலாம். கூரைச் செலவு ஒரு குடும்பத்தால் ஆவதன்று, சங்கத்தால் ஆகும்.

வாய்க்கால் முறை அட்டவணை, பாவடிக் கூரை ஆகிய இரண்டையும் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு அங்கத்தினர் இப்பொழுதே காரியதரிசிக்கு எழுதித் தரலாம். குறுவைக்கு நாற்று விடுமுன் அட்டவணை தயாராகிவிட வேண்டும்.