அட்மிஷனுக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பேருந்தின் முதுகு முதல் கைபேசி வரை கல்லூரி விளம்பரம்தான். ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற ஒரு வரியை நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். கல்லூரிகள் எந்தெந்த உண்மைகளை வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் விதி வகுத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

செய்ய வேண்டியவை

• ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் இணையதளத்தில் ‘மேண்டேட்டரி டிஸ்குளோஷர்’ பக்கம் இருந்தே ஆக வேண்டும். அதில் கட்டணம், இடங்கள், ஆசிரியர் விவரம் எல்லாம் இருக்கும். ஆசிரியர் பட்டியலை ஊன்றிப் படியுங்கள். கல்லூரிக்கு நேரில் போகும்போது அதில் உள்ள இரண்டு பெயர்களைச் சொல்லி, அவர்கள் எந்த ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று மாணவர்களிடமே விசாரியுங்கள்.

• கல்லூரி மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்திருந்தால், அதற்குக் கொடுத்த தகவலைத் தன் தளத்திலும் வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பதாகையில் போடுவது அதிகபட்சச் சம்பளம். அது ஒரே ஒரு மாணவருடையது. வேலை கிடைத்த பதினோரு பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற பத்துப் பேருக்கும் 3 லட்சம் என்றால் இடைநிலைச் சம்பளம் 3 லட்சம்தான். உங்கள் பிள்ளை எதிர்பார்க்க வேண்டியது அந்த 3 லட்சத்தை. கல்விக் கடனுக்கான மாதத் தவணையையும் அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

• தேசிய அங்கீகார வாரியம் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு தனி, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கல்லூரியில் ஏதோ ஒரு துறைக்கு இருப்பது உங்கள் துறைக்கு ஆகாது.

• பிராஸ்பெக்டஸைப் பத்திரமாக வைத்திருங்கள். அட்மிஷன் தொடங்குவதற்கு 60 நாள் முன்பே அதை வெளியிட வேண்டும் என்கின்றன யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர் விதிமுறைகள். அதில் பொய்யான தகவல் இருந்தால் கல்லூரியின் குறைதீர் குழுவிடம் புகார் செய்யலாம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியான ஓம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம்.

• எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணம் வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ரசீது தர மறுக்கும் தொகையைக் கட்டவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கல்லூரி ஆபீஸில் விட்டுவிட்டு வராதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கையின்படி, உங்கள் முன்னிலையில் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும். அவர்கள் வைத்துக்கொள்ள நகல் போதும். பிடித்துவைத்த சான்றிதழைக் காட்டித்தான், படிப்பைப் பாதியில் விடும் பிள்ளையிடம் மிச்ச வருடங்களின் பணத்தையும் கேட்கிறார்கள். இது பச்சை அநியாயம்.

• மொத்தப் படிப்புக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம்.

• ‘கட்டிய பணம் திரும்ப வராது’ என்று சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். அதே 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவென்று பிடித்தாலும் அது 5 சதவீதத்தையோ 5,000 ரூபாயையோ தாண்டக்கூடாது. அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90, தேதி தாண்டி 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50 சதவீதம். அதற்கும் மேல் தாமதித்தால் ஒன்றும் வராது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவித்ததும் உண்டு. விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு நாள் தள்ளினாலும் விகிதம் மாறிவிடலாம்.

• நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். கல்வி விற்பனைப் பொருள் அல்ல, கட்டணம், சேர்க்கை விஷயங்களில் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று 2012-இல் பி.டி. கோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020-இல் அதே வழியில் தீர்ப்பளித்தது. அதனால் முதல் புகார் குறைதீர் குழுவுக்கும் யு.ஜி.சி.க்கும் போகட்டும், எழுத்தில்.

• கமிஷனுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதீர்கள். கல்லூரியின் வங்கிக் கணக்கில் நீங்களே செலுத்துங்கள்.