கடலில் மிதக்கும் மரத்தூள்

நுழையும்முன்

நிலத்தில் பயிர் செழிக்க உரம் வேண்டும். கடலுக்கு உரமிடுவோர் யார்? அப்பணியைச் செய்யும் நுண்ணுயிர்களுள் ஒன்று, சூழல் கூடிவரும்போது கடலின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. அம்மாற்றத்தின் காரணங்களை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் பாசி, இனத்தில் பாக்டீரியா

வெப்பமண்டலக் கடல்களில் வாழும் நீலப்பச்சைப்பாசிகளுள் குறிப்பிடத்தக்கது டிரைக்கோடெஸ்மியம். பாசி என வழங்கப்பெறினும் இது பாக்டீரியா இனத்தைச் சார்ந்தது; ஆதலின் அறிவியலார் இவ்வகையைச் சயனோபாக்டீரியா என்பர். இதன் மெல்லிழைகள் பல சேர்ந்து கற்றையாகும்போது, ஒவ்வொன்றும் மரத்தூள்போல் கண்ணுக்குத் தெரியும்.

> தெரியுமா?
> ஜேம்ஸ் குக்கின் மாலுமிகள் இதனைக் 'கடல் மரத்தூள்' என்றழைத்தனர்.

பெருக்கத்திற்கு ஏற்ற சூழல்

நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவைப் பெரும்பாலான உயிர்கள் நேரடியாகப் பயன்படுத்த இயலாது. டிரைக்கோடெஸ்மியமோ அதனை அம்மோனியாவாக மாற்றிக்கொள்ளும். எனவே, நைட்ரேட் குறைந்த நீரில் பிற நுண்தாவரங்கள் தளரும்போதும் இது தழைக்கிறது.

எனினும், இந்த ஆற்றல் மட்டும் போதாது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும். நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு இரும்பு இன்றியமையாதது. பாலைநிலத் தூசியைச் சுமந்துவரும் காற்று அதனைக் கடலில் சேர்க்கிறது. பாஸ்பரசும் மிகுந்த ஒளியும் தேவை. காற்றடங்கிய நாள்களில், செல்களில் உள்ள வாயு நுண்பைகளின் துணையால் கற்றைகள் மேலெழுந்து படலமாகப் பரவும். கடுங்காற்று வீசினால் படலம் கலைந்துவிடும்.

இந்தியக் கரையோரங்களில் பிப்ரவரி முதல் மே வரை இச்சூழல்கள் பெரும்பாலும் ஒருங்கே அமைகின்றன. 2007 மார்ச் மாதத்தில் கல்பாக்கம் கடற்பகுதியிலும் இப்பெருக்கம் பதிவாயிற்று.

பிறந்த இடமும் ஒதுங்கும் இடமும்

கரையில் காணும் படலம் அங்கேயே தோன்றியது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆழ்கடலில் வளர்ந்த கற்றைகளை நீரோட்டமும் மென்காற்றும் கரையோரம் குவிப்பதுண்டு. மேலும், கழிவுநீர் கொணரும் நைட்ரேட்டை நம்பி இது வாழ்வதில்லை. ஆகவே, கடலின் நிறம் மாறியவுடன் மாசே காரணம் எனத் துணிதல் பொருந்தாது. நீரை ஆய்ந்தே முடிவுகூற வேண்டும்.

கொடையும் கேடும்

இவ்வுயிர் வெளியிடும் நைட்ரஜன் சேர்மங்கள் வளம் குன்றிய கடலுக்கு உரமாகின்றன. ஆனால், ஆழங்குறைந்த, நீரோட்டமற்ற கரைநீரில் பெருந்திரளாக மடிந்து அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன; அம்மோனியாவும் மிகுகிறது. மீன்கள் மூச்சுத்திணறி இறக்க நேரிடும். திறந்த கடலில் கொடையாவது தேங்கிய நீரில் கேடாகிறது. உயிர் ஒன்றே, சூழலே வேறு.

கடல்நீர் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை அறிதல் கட்டாயமாகிறது. செயற்கைக்கோள் படங்களோடு, கடலின் நிறத்தையும் மணத்தையும் நாள்தோறும் அறியும் மீனவரின் பட்டறிவும் இணைந்தால், வரவிருக்கும் கேட்டை முன்னரே உணரலாம்.

கற்பவை கற்றபின்

1. கடல் அமைதியாக இருப்பது இப்பெருக்கத்திற்கு எங்ஙனம் துணைசெய்கிறது? விளக்குக.
2. 'நிறம் மாறிய கடலெல்லாம் மாசுற்ற கடலன்று' – வகுப்பறையில் கலந்துரையாடுக.