மீன் தலையும் ஞாபகசக்தியும்

சாதாரண தரப் பரீட்சை நெருங்குகின்ற நாட்களில், பாரைமீன் தலையைத் தனியே குழம்பு வைத்து, அதன் கண்ணையும் கன்னத்துச் சதையையும் தோண்டியெடுத்து, “இதைத் தின் ராசா, பாடமெல்லாம் மனசில நிக்கும்” என்று பேரனின் கோப்பையில் இடுகின்ற அம்மம்மாமார் திருகோணமலையில் இன்றும் உண்டு. அந்த வாஞ்சையைக் குறைகூற எனக்கு மனமில்லை.

நம்பிக்கையில் உண்மை அறவே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கோலின் என்னும் பதார்த்தம் உண்டு. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்துவதும் ஞாபகத்துக்கு இன்றியமையாததுமான அசெற்றைல்கோலின் அதிலிருந்தே உண்டாகிறது. அதனை உண்டாக்கும் நொதியத்தை நக்மன்சோனும் மச்சாடோவும் 1943இல் கண்டறிந்தனர். நரம்புக்கலத்தின் உடலிலே பிறந்து, நீண்ட நரம்பிழை வழியே நரம்புமுனைக்குப் பிரயாணம் செய்யும் அந்நொதியம், குளுக்கோசிலிருந்து கிடைக்கும் அசெற்றைல் கூறினைக் கோலினோடு இணைத்துவிடுகிறது. நொதியத்துக்கு அங்கே பஞ்சமில்லை. கோலினை உள்ளே எடுத்துவரும் புரதமே வேகத்தை நிர்ணயிக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே எத்தனை கப்பல் காத்து நின்றாலும், இறங்குதுறை கொள்ளுமளவு சரக்குத்தானே இறங்கும்? போதாக்குறைக்கு, வேலை முடிந்து சிதைந்த அசெற்றைல்கோலினின் கோலினில் ஏறக்குறைய பாதி திரும்பவும் உள்ளே எடுக்கப்படுகிறது. ஆகவே வழக்கமான சாப்பாடு சாப்பிடும் பிள்ளைக்கு மீன் தலையால் விசேஷ லாபம் எதுவுமில்லை, ருசியைத் தவிர.

மறதிநோயுற்ற முதியவர்களுக்குத் தரும் டொனெபெசில் மாத்திரை இவ்வுற்பத்தியைப் பெருக்குகிறது என்பதும் பிழை. அல்சைமர் நோயாளரின் மூளையில் உற்பத்தி நொதியம் வெகுவாகக் குறைந்திருப்பது 1976இல் தெரியவந்தது மெய். கோலின் தரும் லெசித்தினைக் கொடுத்துப் பார்த்தும் தெளிவான பலன் கிட்டவில்லை. மாத்திரை செய்வது வேறு காரியம்: அசெற்றைல்கோலினைச் சிதைக்கும் மற்றொரு நொதியத்தை ஓரளவு தடுத்து, இருப்பதைச் சற்று நேரம் நிலைக்கச் செய்கிறது. நோய் அதனால் நின்றுவிடாது.

‘கூடக்கூட நல்லது’ என்பதுதான் எல்லாவற்றிலும் அபாயமான நம்பிக்கை. கந்தளாய் வயல்களில் மருந்தடிப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒகனோபொசுபேற்றுப் பூச்சிநாசினி, அதே சிதைக்கும் நொதியத்தை முற்றாக முடக்கிவிடுவதால், அசெற்றைல்கோலின் தேங்கி, வியர்வையும் எச்சிலும் பெருகி, தசைகள் துடித்துச் சோர்ந்து, சுவாசமே நின்றுபோகக்கூடும். இவ்வகையில் கொடிய மொனோகுரோட்டோபோசையும் மெத்தமிடோபோசையும் இலங்கை 1995இல் தடைசெய்தது. வயலிலிருந்து வந்தவரிடம் இக்குறிகள் கண்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், உடுப்பைக் களைந்து உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்; இந்நஞ்சுக்கு மாற்றுமருந்தான அத்ரோப்பின் அங்கேதான் இருக்கிறது.