சளிக்குக் காரணம் வாழைப்பழமா?

குழந்தைக்கு மாதம் தவறாமல் மூக்கு ஒழுகினால், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது வாழைப்பழம். அடுத்தது தயிர், அதற்கடுத்தது தலைக்குளியல். இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் சளி வருகிறது. பெற்றோரின் அக்கறையில் குறையில்லை. அந்த அக்கறை போகும் திசைதான் தவறு.

நம்பிக்கை: குளிர்ச்சியான உணவும் தலைக்குளியலும் சளி பிடிக்க வைக்கும்.

உண்மை: சளியைக் கொண்டுவருவது வைரஸ். ரைனோ வைரஸில் மட்டுமே 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிர்ப்பு சக்தி உண்டானாலும் அடுத்தது தாக்கும். அதனால் சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. பாலர் பள்ளியில் சேர்ந்த புதிதில் இன்னும் கூடும். ‘ஐஸ்கிரீம் தின்ற மறுநாளே மூக்கு ஒழுகியதைக் கண்ணால் பார்த்தோமே’ என்று கேட்கலாம். வைரஸ் நுழைந்து சளியாக வெளிப்படப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். முந்தாநாள் இருமிக்கொண்டே வந்த உறவினர் குழந்தையைக் கொஞ்சியது மறந்துபோகிறது, நேற்றைய ஐஸ்கிரீம் நினைவில் நிற்கிறது. பழத்தையும் தயிரையும் நிறுத்துவதால் குழந்தை இழப்பது சத்தைத்தான். வெளியிலிருந்து வருபவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். சளி உள்ளவர் முத்தமிடாமல் தள்ளியிருக்கட்டும். கை கழுவும் பழக்கம் சுவாசத் தொற்றுகளை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

நம்பிக்கை: சாம்பிராணிப் புகை சளியை இழுத்துவிடும்.

உண்மை: மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உள்ளன. சிக்கிய தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. தணலில் சாம்பிராணியைத் தூவி, குளிப்பாட்டிய குழந்தையைப் புகைக்கு மேல் பிடிக்கும்போது, நம்மைக் காக்கும் அந்த இழைகளையே நாம் முடக்குகிறோம். கொசுவர்த்தி, விறகடுப்பு, சிகரெட், பீடி எல்லாப் புகைக்கும் இது பொருந்தும். ‘பாட்டி காலத்தில் எல்லோரும் இப்படித்தானே வளர்ந்தோம்?’ என்பார்கள். பிழைத்து வளர்ந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நிமோனியாவுக்குப் பல வீடுகள் பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் அதே காலத்தில்தான். தலை ஈரம் போக, பருத்தித் துண்டால் துவட்டினாலே போதும்.

நம்பிக்கை: அடிக்கடி சளி பிடித்தால் எதிர்ப்பு சக்தி இல்லை என்று பொருள், டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்க வேண்டும்.

உண்மை: வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. சளி மருந்துகளில் பரவலாக உள்ள குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அறிவுறுத்தியது. எதிர்ப்பு சக்தியை வளர்ப்பவை முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாடு, தவறாத தடுப்பூசி. நிமோகாக்கல் தடுப்பூசி 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ‘ஊசி போட்டும் சளி வருகிறதே’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அது சாதாரணச் சளியைத் தடுக்க வந்த ஊசி அல்ல; உயிரைப் பறிக்கும் நிமோனியாவைத் தடுக்க வந்தது.

சளி நிமோனியாவாக மாறுகிறதா என்று அறிய, சட்டையை விலக்கி, தூங்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணப் பழகுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலும், எடை ஏறாவிட்டாலும் குழந்தைநல மருத்துவரின் முழுப் பரிசோதனை அவசியம். மற்றபடி, வாழைப்பழத்தைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுங்கள்; புகையை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.