படகின் சமையல் தொட்டி அடைத்துக்கொண்டால்



வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்குவதோடு தொல்லை நின்றுவிடும். சிறிய பாய்ப்படகிலோ, தொட்டியின் வடிகுழாய் பெரும்பாலும் நீர்க்கோட்டுக்கு, அதாவது படகு மிதக்கும்போது நீர் தொட்டு நிற்கும் மட்டத்துக்கு, கீழே படகின் உடலைத் துளைத்துக் கடலில் திறக்கிறது. ஆகவே அங்கே அடைப்பு எடுப்பதென்பது படகின் அடியிலுள்ள ஓர் ஓட்டையில் கைவைப்பதாகும். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே தடையின்றித் திறந்திருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். குழாயை இறுக்கி அடைத்திருக்கும் கொழுப்புக்கட்டியே சில வேளைகளில் கடலைத் தடுத்து நிறுத்தும் தக்கையாகவும் இருக்கக்கூடும் என்பதைப் படகு வாங்கும் இளைஞர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்து, 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 2,400-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட 26 அடி வெஸ்டர்லி சென்டார் போன்ற படகுகளில், தொட்டியின் அடி நீர்க்கோட்டைவிடச் சற்றே உயரமாக இருப்பதால், குழாயின் கீழ்ப்பகுதியில் எப்போதும் கடல்நீர் நின்றுகொண்டிருக்கும். கழுவிய தண்ணீரை வெளியே தள்ளுவதற்குச் சில சென்டிமீட்டர் உயர நீரின் எடை மட்டுமே உண்டு. ஓட்டம் மெதுவாக இருப்பதால் சோற்றுப் பருக்கையும் தேயிலைச் சக்கையும் தங்கிவிடுகின்றன. ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரில் நெய்யும் தேங்காயெண்ணெயும் கோடையில்கூட உறைந்துபோகும்; கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகளோடு சோப்பு சேர்ந்து கரையாத பிசுக்காகிறது; கடல்வாயில், அதாவது குழாய் படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில், கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிர் ஒட்டி வளர்ந்து வழியைக் குறுக்குகிறது. நம்மவர் சமையலில் எண்ணெய் தாராளம் என்பதால், பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தெடுப்பதே பாதி அடைப்பைத் தவிர்த்துவிடும்.

அடைப்பு நேர்ந்தபின் கை முதலில் செல்ல வேண்டியது அடைப்பை அழுத்தித் தள்ளும் ரப்பர் கிண்ணமான பிளஞ்சரை நோக்கியன்று, கடல்வாயின் வால்வை நோக்கித்தான். பழைய படகுகளில் காணப்படும், சக்கரத்தைச் சுற்றித் தகட்டை இறக்கும் வகை வால்வில், தண்டு உள்ளே அரித்து முறிந்திருந்தாலும் சக்கரம் மட்டும் சுழன்று மூடிக்கொண்டதுபோலத் தோன்றும். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பும் பந்துவகை வால்வில், கொட்டலசு இடையில் சிக்கினால் பந்து முழுதும் திரும்பாது. ஆகையால் கைப்பிடியின் நிலையை மட்டும் நம்பி ஹோஸை, அதாவது தொட்டியிலிருந்து வால்வுக்கு வரும் நெகிழ்குழாயை, கழற்றுவது பெரும்பிழை. துளைக்குப் பொருந்தும் மென்மரத் தக்கையையும் சுத்தியலையும் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, வால்வை மூடியபின் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திச் சிறிதே நெகிழ்த்தினால், குழாயில் நின்ற நீர் வடிந்து ஓய்கிறதா, ஓயாமல் வருகிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் ஹோஸே அடைத்திருந்தால் அதிலுள்ள நீர் வடியாது என்பதும், வால்வே அடைத்திருந்தால் வரவேண்டிய நீர் வராது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். நீர் வராததாலேயே வால்வு நல்லதென்று முடிவுகட்டலாகாது.

இந்த ஐயம் தீராதபோது ஓதம் வடியக் காத்திருப்பதே அறிவுடைமை. சென்டார் இரட்டை ஏராக்கட்டைகள், அதாவது அடியின் இருபுறமும் கீழ்நோக்கி நீண்ட தகடுகள், உடையதாதலால், இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகம் போன்ற இடங்களில் நீர் வற்றும்போது கெட்டியான தரையில் நிமிர்ந்தே அமரும். கடல்வாய் வெளியே தெரியும். அப்போது ஹோஸைக் கழற்றி உருவிக் கழுவுவதற்கும், கொட்டலசை வெளியிலிருந்து சுரண்டுவதற்கும், வால்வைத் திறந்து மூடிப் பார்ப்பதற்கும் அச்சமில்லாத சில மணி நேரம் கிடைக்கும்.

மிதக்கும் நிலையிலேயே செய்தாக வேண்டுமென்றால், வால்வைத் திறந்துவைத்து, வெந்நீர் ஊற்றி, பிளஞ்சரை மெல்ல இயக்கலாம். துருப்பிடித்த கிளிப்பும் காய்ந்து இறுகிய ஹோஸும் அழுத்தத்தில் கழன்றுவிடக்கூடும் என்பதால், ஒருவர் கீழே குனிந்து இணைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது அவசியம். கடைகளில் விற்கும் காஸ்டிக் சோடா வகை அடைப்புநீக்கிகள் படகுக்கு ஆகா. அவை அடைப்பின்மேல் அப்படியே தேங்கி நிற்க, பிறகு ஹோஸைக் கழற்றுபவரின் முகத்திலும் கையிலும் அந்தக் காரநீர் கொட்டும்.

நெளிநெளியான உட்புறமுள்ள பிளாஸ்டிக் குழாய் இருந்தால், படகு தரையில் அமர்ந்திருக்கும்போது, வழவழப்பான உட்புறமுடைய ஹோஸாக அதை மாற்றி, எங்கும் தொய்வில்லாமல் இறக்கி, ஒவ்வொரு முனையிலும் இரண்டு துருவேறா எஃகுக் கிளிப்புகள் போட வேண்டும். வேலை முடிந்து படகு மீண்டும் மிதந்தபின், வால்வைத் திறந்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பார்ப்பது நல்லது. ஈரம் தெரிந்தால் கிளிப்பை மேன்மேலும் முறுக்காமல், வால்வை மூடி, ஹோஸின் முனையை நேராக நறுக்கி மறுபடியும் பொருத்த வேண்டும்.